நாற்பத்திரண்டு கைநாட்டு

அத்தியாயம் 5

முத்துலிங்கம் கதவைத் தட்டவில்லை. இருமினார். முப்பது வருடம் அதிபராக இருந்தவர். அவர் இருமினால் கதவுகள் திறந்து பழக்கம்.

ஹட்டன் கடைத்தெருவில், ஒரு தையல்கடைக்கு மேலே இருந்தது யூஜினாவின் அலுவலகம். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு சன்னல். யூஜினா இருபத்திரண்டு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழில் சொன்ன பொய்யைச் சிங்களத்திலும், சிங்களத்தில் சொன்ன பொய்யைத் தமிழிலும், ஒரு சொல் குறையாமல் சொல்லி வந்தார். ஒரு நாள் அலுத்துவிட்டது. இப்போது கேட்டவர்களுக்கு உண்மையைத் தேடித் தருகிறார். கேட்பவர்கள் குறைவு.

அவருடைய உதவியாளர் செல்லசாமி சன்னல் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பது. சொந்தமாக ஓர் ஆட்டோ. யாரும் கேட்காத கருத்துகள் ஏராளம்.

"ஞாயித்துக்கிழமை விழா" என்றார் முத்துலிங்கம். "எங்க பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கம், மலையகக் கிளை. நான்தான் செயலாளர். தொழில்ல சாதிச்சு, சமூகத்துக்கும் சேவை செஞ்ச பழைய மாணவர் ஒருத்தருக்கு வருசா வருசம் விருது குடுக்கிறோம்."

"போன வருசம் யாருக்குங்க?" என்றார் செல்லசாமி.

"சங்கத் தலைவருக்கு."

"அதுக்கு முந்தி?"

"அப்ப இருந்த தலைவருக்கு."

செல்லசாமி பேப்பருக்குத் திரும்பினார்.

"இந்த வருசம் கலாநிதி பிரதாப்" என்று முத்துலிங்கம் தொடர்ந்தார். "தோட்டத்து லயன் வீட்டுல பொறந்து, டொக்டர் பட்டம் வாங்கி, இன்னைக்குக் கொழும்புல கம்பனிகளுக்கு ஆலோசனை சொல்றவர். பொகவந்தலாவைப் பக்கம் கல்லுமலைத் தோட்டத்துல, கீழ்ப்பிரிவுல, ஒம்பது வருசமா பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்துறார். நாப்பத்திரண்டு பேர். இந்த நேரத்துல இது வருது."

ஒரு தாளை நீட்டினார். நிதானமான கையெழுத்து.

கலாநிதி பிரதாப் எங்கள் பிரிவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. எங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்தவர் அவர் இல்லை. மேடையில் ஏற்றும் முன் விசாரியுங்கள்.

கீழே பெயர் இல்லை.

"இதுல இருக்கிறது உண்மையான்னு பாக்கணுமா?" என்றார் யூஜினா.

"அது வேணாம் மேடம். எழுதினது யாருன்னு பாத்தா போதும்."

"விருதுக்கான விண்ணப்பக் கோப்பு வேணும்."

"கொண்டாந்திருக்கேன். அதுல எல்லாம் சரியா இருக்கு."

"தாளோட பின்பக்கம் பாத்தீங்களா?"

"பின்பக்கத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றார் யூஜினா.

முத்துலிங்கம் இறங்கிப் போகும் சத்தம் அடங்கியது. யூஜினா தாளைத் திருப்பி வைத்தார். பச்சை நிறக் கட்டங்கள். அவற்றின் குறுக்கே மேலேறும் வளைகோடுகள். கீழ்விளிம்பில் மாதக் கணக்கு, பக்கவாட்டில் கிலோ. தலைப்பு மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்தது.

"பிள்ளைங்க நிறை பாக்கிற அட்டை" என்றார் செல்லசாமி. "பிள்ளைக்காம்பராவுல சுவத்துல தொங்கும். மொட்டைக் கடுதாசிக்கு விலாசம் போட்டுல்ல அனுப்பியிருக்காங்க."

தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் அறைதான் பிள்ளைக்காம்பரா. ஒரு பிரிவுக்கு ஒன்று இருக்கும். கீழ்ப்பிரிவிலும் ஒன்றுதான் இருக்க முடியும்.

யூஜினா கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்தில் பிரதாப்பின் சேவை இரண்டு பத்திகளில் இருந்தது. முன்பு தம் பெயரைக்கூட எழுதத் தெரியாதிருந்த நாற்பத்திரண்டு பெண்கள் இன்று தினசரி படிக்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள். பின்னால் அந்தப் பெண்களின் நன்றிக் கடிதங்கள். நாற்பத்திரண்டும் தட்டச்சு. நாற்பத்திரண்டிலும் ஒரே வாசகம். ஒவ்வொன்றின் மேலும் சங்கத்தின் முத்திரை; கீழே பெயருக்குப் பக்கத்தில் ஊதா மையில் ஒரு கைநாட்டு.

செல்லசாமி எட்டிப் பார்த்தார். முதல் பக்கத்தைப் படித்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"கடுதாசி எழுதுவாங்களாம். கையெழுத்து மட்டும் வராதாம். டொக்டர் அந்தப் பாடத்தை நடத்தல போல."

"ஆட்டோவை எடுங்க" என்றார் யூஜினா.

*

டிக்கோயா, நோர்வூட் தாண்டியதும் மழை பிடித்தது. பொகவந்தலாவை வீதியில் பஸ் வந்தால் ஆட்டோ ஒதுங்க வேண்டும். செல்லசாமி ஒதுங்கினார். ஒவ்வொரு பஸ்ஸையும் அதன் சாரதியின் பரம்பரையையும் தனித்தனியாகக் குறிப்பிட்டார்.

கீழ்ப்பிரிவு பிள்ளைக்காம்பராவின் வாசலிலேயே ஆட்டோவை நிறுத்தினார். மழைக்கு வசதி. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் வளைவில் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். ரெயின்கோட், முழங்கால் வரை பூட்ஸ்.

"கண்டாக்கு" என்றார் செல்லசாமி. தோட்டத்தில் வெளிவேலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்.

உள்ளே ஆறு தொட்டில். எல்லாம் காலி. கடைசிக் குழந்தையை ஒரு தகப்பன் தூக்கிக்கொண்டு போனான். பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பான ஜீவராணி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சுவரில் கரும்பலகை. அதில் நேற்றைய தேதி.

"கடிதம் எழுதினது நீங்கதானே?" என்றார் யூஜினா.

"எந்தக் கடிதம்?"

யூஜினா தாளை எடுத்து, பச்சைக் கட்டம் தெரியும்படி தரையில் வைத்தார். ஜீவராணி அதைப் பார்த்தார். துணியை வாளிக்குள் போட்டார். அப்படியே உட்கார்ந்தார்.

"வேற வெள்ளைத் தாள் இல்ல மிஸ்."

"எதுக்காகப் பேர் போடல?"

"இந்தக் காம்பரா சாவி எங்கிட்ட இருக்கறதாலதான் வகுப்பு நடக்குது. நான் எழுதினேன்னு தெரிஞ்சா சாவியைப் பறிச்சிருவாங்க. வகுப்பும் போகும், என் வேலையும் போகும். எழுதாம இருந்தாலும் போகும். ஞாயித்துக்கிழமைக்குப் பொறவு இது டொக்டரோட நிலையமாம். போர்டுகூட எழுதியாச்சாம்."

"ஒம்பது வருசமா நடத்துறது நீங்க?"

"ஆமாங்க."

"எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பி.ஏ. அதே பல்கலைக்கழகம்தான். வெளிவாரி."

"அப்ப நீங்களும் பழைய மாணவிதானே?"

"சங்கத்துல சேர விண்ணப்பப் பாரம் கேட்டேன். வெளிவாரிக்காரங்கள எடுக்கிறதில்லன்னாங்க. உள்ளுக்கு வந்து படிக்காதவங்க பழைய மாணவர் இல்லையாம்."

"டொக்டர் உள்ளுக்கு வராமலே பாடம் நடத்தியிருக்காரு" என்றார் செல்லசாமி. "அது ஆகுமாம்."

ஜீவராணி சிரிக்கவில்லை.

ஐந்தரைக்குப் பெண்கள் வந்தார்கள். மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் கொழுந்தை நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கோடு நேரே வந்தவர்கள். வாசலில் சாக்கை அவிழ்த்துப் பிழிந்தார்கள். பாயில் உட்கார்ந்தார்கள். பைகளிலிருந்து கொப்பிகள் வந்தன. எல்லாக் கொப்பிகளுக்கும் பேப்பர் உறை.

முன்வரிசையில் இருந்தவர் ராக்காயி. ஐம்பத்தெட்டு வயது.

"டொக்டர் பிரதாப்பைத் தெரியுமா?" என்று யூஜினா கேட்டார்.

"மூஞ்சி தெரியும்ங்க" என்று ராக்காயி கொப்பியின் உறையைக் கழற்றினார். அட்டை முழுக்கக் கோட்டும் டையுமாக ஒரு முகம். மேலே வாழ்த்து, கீழே பட்டங்கள். "ஒரு தடவ லொறியில நாப்பத்திரண்டு கொப்பி அனுப்பினாரு. அவரு வரல. அட்டையில வந்தாரு."

"ஏன் உறை போட்டிருக்கீங்க?"

"படிக்கிறப்போ மொறைச்சுப் பாக்கிறாருங்க."

பாய் முழுக்கச் சிரிப்பு.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சு என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றார் செல்லசாமி. கேலியாகத்தான் கேட்டார்.

"கிளினிக் புத்தகத்துல எம் பேரைப் படிச்சேன்" என்றார் ராக்காயி. "எம் பேரு இல்ல. வேறொருத்தி பேரு. மூணு வருசமா அவ மருந்தை நான் குடிச்சிருக்கேன். என்னோடத அவ குடிச்சிருக்கா. ரெண்டு பேரும் உசுரோடதான் இருக்கோம்."

செல்லசாமி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். யூஜினா அதைக் கவனித்தார். அபூர்வம்.

கோப்பிலிருந்த நன்றிக் கடிதங்களைப் பாயில் பரப்பினார். பெண்கள் குனிந்தார்கள். தத்தம் பெயரைத் தேடிப் படித்தார்கள். ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

"இது நான் வச்சதில்ல" என்றார் காளியாயி என்ற பெண்.

"நானும் வைக்கல. நான் எதுக்கு நாட்டு வைக்கிறேன்? ஒப்பம் போடுவேன்ல" என்றார் இன்னொருவர்.

ராக்காயி தன் கட்டைவிரலை அந்த ஊதா ரேகைக்குப் பக்கத்தில் வைத்தார். விரலில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. வெடிப்புகளில் கொழுந்துக் கறை. எத்தனை முறை கழுவினாலும் போகாத கறுப்பு.

"இத மையில தொட்டு வச்சா வரட்சிக்கு வெடிச்ச தரை மாதிரி விழும். இதப் பாருங்க, முட்டை ஓடு மாதிரி வழவழன்னு இருக்கு. இது கொழுந்து கிள்ளின வெரலே இல்லங்க."

யூஜினா நாற்பத்திரண்டையும் ஒரு முறை புரட்டினார். எல்லாம் அதே வழவழப்பு. எல்லாவற்றிலும் அதே அகலம். எல்லாம் அதே பக்கம் சாய்ந்திருந்தன.

"நாப்பத்திரண்டு பேருக்கும் ஒரே வெரல்" என்றார் செல்லசாமி. "முறை வச்சுப் பாவிச்சிருக்காங்க."

"யாராவது இங்க வந்து உங்க பேரையெல்லாம் கேட்டாங்களா?"

"கண்டாக்கு ஐயா எழுதிக்கிட்டுப் போனாரு" என்றார் காளியாயி. "கம்பளி குடுக்கப் போறாங்கன்னாரு."

"வந்துச்சா?"

"குளிர்தான் வந்துச்சு."

வகுப்பு தொடங்கியது. யூஜினா கொஞ்ச நேரம் கதவருகே நின்றார். ஜீவராணி தேதியை அழித்துவிட்டு இன்றைய தேதியைப் போட்டார். நாற்பத்திரண்டு தலைகள் குனிந்தன.

*

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது.

"மிஸ், கண்டாக்கு ஐயா வந்து சாவிய வாங்கிட்டாரு" என்றார் ஜீவராணி. குரல் தட்டையாக இருந்தது. "திங்கக்கிழமையிலேருந்து வர வேணாமாம். காலைல வேலை பிரிச்சுக் குடுக்கிற பெரட்டுல வச்சு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டாரு. மொட்டைக் கடுதாசி எழுதினவளுக்கு இந்தத் தோட்டத்துல இடமில்லையாம். நீங்க எம் பேரச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லல."

"பொறவு எப்படி?"

யூஜினா சன்னல் வழியே பார்த்தார். கீழே வீதியில் செல்லசாமியின் ஆட்டோ நின்றது. சிவப்பு நிறம். பின்னால் பெரிய எழுத்தில் ஹட்டன்.

"எங்க ஆட்டோ உங்க வாசல்ல நின்னுச்சு. நான்தான் காட்டிக் குடுத்திருக்கேன்."

"வகுப்பும் போச்சு மிஸ்."

"கடிதத்துல என்ன எழுதினீங்கன்னு நினைவிருக்கா?" என்றார் யூஜினா.

"மூணு வரிதானே."

"வகுப்புல எத்தனை பேர்கிட்டப் பேனா இருக்கு?"

பத்து நிமிடம் பேசினார். செல்லசாமி இரண்டு தேநீரோடு மேலே வந்தபோது பேச்சு முடிந்திருந்தது.

"கொஞ்சம் தள்ளி நிப்பாட்டியிருக்கலாம்" என்றார் செல்லசாமி. முகம் வாடியிருந்தது. "மழையைப் பாத்தேன்."

"நானும்தான் உள்ளுக்கு இருந்தேன்" என்றார் யூஜினா.

*

அன்று பிற்பகல் விழா மண்டபத்தில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மேடையின் பின்னால் ஒரு பதாகை. அதில் பிரதாப்பின் முகம் கொப்பி அட்டையில் இருந்ததைவிட இருபது மடங்கு பெரியது. மூலையில் ஒரு புதுப் பெயர்ப்பலகை சாய்ந்திருந்தது: கலாநிதி பிரதாப் எழுத்தறிவு நிலையம். கீழே சின்ன எழுத்தில்: இணைப்பாளர், ம. முத்துலிங்கம்.

மணி மூன்றரை. முத்துலிங்கம் யூஜினாவையும் செல்லசாமியையும் பார்த்ததும் சிரித்தார்.

"உங்க வேலை நேத்தே முடிஞ்சுது மேடம். நல்லாச் செஞ்சீங்க."

"நான் இன்னும் பேரே சொல்லலையே."

"சொல்ல வேண்டியதில்ல. அந்தக் கண்டாக்கு எங்கிட்டப் படிச்சவன். ஹட்டன் ஆட்டோ எந்த வாசல்ல நிக்குதுன்னு பாத்துச் சொல்லுன்னேன். சொன்னான்." கைகளைத் தட்டிக்கொண்டார். "பிள்ளைக்காம்பராவுல குழந்தை பாக்கிற பொம்பளை. அவளுக்கு எதுக்கு இதெல்லாம்?"

யூஜினா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோப்பை மடியில் வைத்தார்.

"நேத்து ராத்திரி டொக்டர்கிட்டப் போன்ல பேசினேன். நன்றிக் கடிதம் எதுவும் அவர் அனுப்பலையாம். கொப்பி குடுத்ததை மட்டும்தான் எழுதிக் குடுத்தாராம். மிச்சத்தைச் செயலாளர் பாத்துக்கிறேன்னு சொன்னாராம். நல்ல மனுசர். எதையும் கேக்கறதில்ல."

முத்துலிங்கம் ஒரு நாற்காலியை வரிசைக்கு நேராக நகர்த்தினார்.

"ஒவ்வொரு கடிதத்துலயும் மேல உங்க சங்கத்து முத்திரை இருக்கு. ஊதா மை. கீழ கைநாட்டு. அதே ஊதா. முத்திரை கலங்கின இடத்துல நாட்டும் கலங்கியிருக்கு. மை மங்கின தாள்ல ரெண்டும் மங்கியிருக்கு. ஒரே மேசையில, ஒரே நேரத்துல, ஒரே மைப்பெட்டியில வச்சது. அந்தப் பெட்டி உங்க மேசையில இருக்கு."

"ஆள் யாருன்னுதானே கேட்டேன்? என் மைப்பெட்டியை எதுக்குப் பாத்தீங்க?"

"ஐயாவோட வெரல் வழவழன்னு இருக்கும்னு நெனைக்கிறேன்" என்றார் செல்லசாமி. "கொழுந்து கிள்ளி வெடிக்கலையே."

முத்துலிங்கம் கையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தானாகவே போனது அந்தக் கை. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், நம்ம லயத்துப் பையன். கொழும்புல கண்ணாடிக் கட்டடத்துல உக்காந்திருக்கான். அவனை மேடையில பாத்தா நாலு பிள்ளைங்க படிக்கும். சேவைக்கு ஆதாரம் வேணும்னு கொழும்புத் தலைமைச் சங்கம் கேக்குது. தோட்டத்துச் சனம்னா கைநாட்டுத்தான்னு அவங்க நினைப்பு. அவங்களுக்கு ஏத்த மாதிரி வச்சேன். இதுல யாருக்கு நட்டம்?"

"அவங்க நினைப்பா, உங்க நினைப்பா?"

"எல்லாரும் நினைக்கிறதுதானே."

"கடிதம் எழுதுவாங்கன்னு முதல் பக்கத்துல நீங்கதான் தட்டச்சுப் பண்ணியிருக்கீங்க. ஒரு நிமிசம்கூட அதை நீங்க நம்பல."

முத்துலிங்கம் நிமிர்ந்தார். அதிபர் திரும்பி வந்துவிட்டார்.

"சரி. நம்பல. இப்ப என்ன செய்யப் போறீங்க? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விழா. பிரதம விருந்தாளி வர்றார். நீங்க ஒரு மை விசயத்தைச் சொல்லுவீங்க. நான் மறுப்பேன். அந்தப் பொம்பளைக்கு வேலை இல்ல. மத்தவளுங்க வாயத் திறக்க மாட்டாளுங்க. யார் நம்புவாங்க?"

யாரோ வாசலில் செருப்பைக் கழற்றினார்கள்.

ராக்காயி உள்ளே வந்தார். பஸ்ஸில் கசங்கிய நல்ல சேலை. கையில் ஒரு சீனிப் பை. மண்டபத்தைப் பார்த்தார். பதாகையைப் பார்த்தார்.

"இங்கயும் மொறைக்கிறாரு" என்றார்.

யூஜினா தன் நாற்காலியைக் கொடுத்தார். ராக்காயி உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து முத்துலிங்கத்திடம் நீட்டினார். அவர் ஏன் வாங்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நீட்டிய விதம் அப்படி.

முதல் தாளைப் படித்தார். கோடு விட்டு ஏறிய, பெரிய எழுத்துகள்.

கலாநிதி பிரதாப் எங்கள் பிரிவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. எங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்தவர் அவர் இல்லை. சொல்லித் தந்தவர் ஜீவராணி டீச்சர். மொட்டைக் கடிதம் எழுதியது நான்தான். இப்படிக்கு, ராக்காயி.

அடுத்த தாள். அதே வாசகம். வேறு எழுத்து. மொட்டைக் கடிதம் எழுதியது நான்தான். இப்படிக்கு, காளியாயி. அடுத்தது. அதற்கடுத்தது. ஒன்றில் பேனா தாளைக் கிழித்திருந்தது. ஒன்றில் கையெழுத்து மட்டும் இரண்டு வரி நீளம்.

"எழுதினது யாருன்னுதானே கேட்டீங்க?" என்றார் யூஜினா. "பேரோட வந்திருக்கு. நாப்பத்திரண்டு பேர்."

"இது... இதை வச்சு..." முத்துலிங்கம் தாள்களைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. "தோட்டத்துல இவங்களை விடுவாங்களா?"

"மத்தியானம் கொழுந்து நிறுக்கிறப்போ தோட்டத்துத் துரைக்கும் ஒரு கட்டுக் குடுத்தோம்ங்க" என்றார் ராக்காயி. "மடுவத்துல, எல்லாரும் வரிசையா நின்னு. எழுதினவளுக்கு இடமில்லன்னு கண்டாக்கு ஐயா சொன்னாருல்ல, அப்ப எங்க எல்லாருக்கும் இடமில்லையான்னு கேட்டோம். துரை கட்டப் பாத்தாரு, மலையப் பாத்தாரு. கொழுந்து முத்திப் போய் நிக்குது. கண்டாக்குக்குத் திட்டு விழுந்துச்சு. அவரே வந்து காம்பராவத் தொறந்து விட்டாரு. சாவி டீச்சர்கிட்ட இருக்கு. போர்டு ஒண்ணும் வரக் கூடாதுன்னும் துரை சொல்லிட்டாரு."

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் மேடை அருகில் போய்ப் பதாகையின் கயிற்றைத் தொட்டு, என்ன செய்வது என்பது போல முத்துலிங்கத்தைப் பார்த்தார். முத்துலிங்கம் பார்க்கவில்லை.

"தலைவருக்குச் சொல்லணும்" என்றார் மெதுவாக. "கொழும்புக்குச் சொல்லணும்."

"அவங்களுக்கும் தபால்ல போட்டாச்சுங்க" என்றார் ராக்காயி. "வரும்போதே போட்டுட்டு வந்தேன்."

செல்லசாமி தலையைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

ராக்காயி பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நாற்காலியின் மேல் விரித்து வைத்தார். அதில் ஒரே ஒரு வரி. நாற்பத்திரண்டு கடிதம் பெற்றுக்கொண்டேன். கீழே ஓர் இடம் காலியாக இருந்தது.

"நாலரை பஸ்ஸுக்குப் போகணும்ங்க. வாங்கிட்டேன்னு ஒரு ஒப்பம் போட்டுக் குடுங்க."

முத்துலிங்கம் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை.

ராக்காயி தன்னுடையதைக் கொடுத்தார். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை நின்றார். பேனாவைத் திரும்ப வாங்கி, மூடியைப் போட்டார். தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பேரு விளங்கல" என்றார். "தெளிவா எழுதுங்கய்யா."